ஆர்எக்ஸ்-8 ஆயில் குடிக்கிறது: பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கலாமா?

மஸ்கட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2006 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8, மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். வாங்கி இரண்டு மாதத்தில் ஒரு லிட்டர் ஆயில் காணவில்லை. கீழே ஒழுகவும் இல்லை, புகையும் இல்லை. ஒரு மெக்கானிக் "அந்த ஆயில் இன்ஜெக்ஷன் பம்பைப் பிடுங்கிப் போடு, பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஓட்டு" என்றாராம் (2டி என்பது டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயில்). இன்னொருவர் "கலந்தால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் போய்விடும், சிந்தெடிக் ஆயில் ஊற்று போதும்" என்றாராம் (கன்வர்ட்டர் என்பது சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்). யார் சொல்வது சரி என்பது அவர் கேள்வி. கேள்வி இப்படி வந்திருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது வேறு: ஆயில் குறைவது நோயா, இயல்பா? இயல்பு என்றால், அந்த ஆயில் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டுக்கும் விரிவாகவே சொல்கிறேன். ஆயில் பிராண்டு சண்டைக்குள் போனால் இந்த இரண்டும் காணாமல் போய்விடும்.

நான் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் 17 வருடமாக எஞ்சின் வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் ரோட்டரி, அதாவது ஆர்எக்ஸ்-8-இல் இருப்பதுபோல பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றும் வாங்கெல் எஞ்சின். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன்; மாஸ்டா கம்பெனியில் வேலை பார்த்தவன் இல்லை. கழற்றிப் போட்ட எஞ்சின்களைக் கையில் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். உங்கள் காரை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இந்த எஞ்சின் ஏன் ஆயிலை எரிக்கிறது. சாதாரண பிஸ்டன் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே நெருப்பு, கீழே ஆயில். சிலிண்டர் சுவரில் கீழிருந்து ஆயில் தெறிக்கும், பிஸ்டன் ரிங் அதை வழித்து மறுபடி கீழே தள்ளும். ரோட்டரியில் அந்தக் 'கீழே' என்பதே கிடையாது. எட்டு என்ற எண்ணின் வடிவம் இடுப்பில் கொஞ்சம் தடித்ததுபோல ஒரு ஹவுசிங். அதற்குள் முக்கோண ரோட்டர். அதன் மூன்று மூலையிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை ஹவுசிங் சுவரை உரசிக்கொண்டே சுற்றுகிறது. அந்தச் சுவரின் ஒவ்வொரு அங்குலமும் எரியும் அறையின் பக்கம்தான் இருக்கிறது. பின்பக்கமாக ஆயில் வந்து சேர வழியே இல்லை. ஆகவே ஆயிலை எரியும் அறைக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்த ஆயில் வேலையை முடித்துவிட்டு எரிந்து வெளியே போகும். வேறு வழியில்லை.

டிவிஎஸ் 50 காலத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. பங்கில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் ஊற்றிக் கலக்கியவர்கள் நாம். யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தபோது ஆயிலுக்குத் தனி டேங்க், பம்ப் தானே அளந்து கொடுக்கும். ரோட்டரியும் இந்த விஷயத்தில் டூ-ஸ்ட்ரோக்கின் பங்காளிதான். ஆனால் அளவு மிகமிகக் குறைவு. தோசைக்கல்லுக்கு அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார்களே, அந்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலைச் சொட்டும் சிறு முனையான நாசில் ஒரு துளி வைக்கிறது, ஏபெக்ஸ் சீல் வெங்காயம்போல அதைச் சுவர் முழுக்க இழுத்துக்கொண்டு போகிறது. அதிகம் ஊற்றினால் கல் புகையும், கரி பிடிக்கும். தேய்க்காமல் விட்டால் ஒட்டும். ஹவுசிங் சுவரில் மாஸ்டா போடும் குரோம் பூச்சில்கூடக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அந்தத் துளி ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான்.

இது எஞ்சினின் ஒரு ஆயில் வேலை மட்டும். இன்னொன்று, நடுவில் சுற்றும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். அதன் பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு ஆயில் போக வேண்டும். ரோட்டரின் உட்புறத்துக்கும் ஷாஃப்டிலிருந்து ஆயில் பீய்ச்சப்படுகிறது. ரோட்டரைக் குளிர வைப்பது அந்த ஆயில்தான். இந்த வேலையெல்லாம் முடித்த ஆயில் சம்புக்கே, அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கே திரும்பும். இங்கேதான் ரோட்டரியின் தீராத சங்கடம் இருக்கிறது. பேரிங்குக்கு வேண்டிய ஆயில் சூட்டில் நீர்த்துப்போகாமல், தேய்மானத்தைத் தடுக்கும் உலோகச் சேர்மானங்களோடு இருக்க வேண்டும். எரிந்துபோகும் ஆயிலோ, சாம்பலே மிஞ்சாமல் எரிய வேண்டும். எஞ்சின் ஆயிலில் இருக்கும் கால்சியம், துத்தநாகம் எல்லாம் எரிந்தால் சாம்பல். 2டி ஆயிலோ சுத்தமாக எரியும், ஆனால் பேரிங்குக்கு லாயக்கில்லை. மாஸ்டா இரண்டு வேலைக்கும் சம்பிலிருக்கும் ஒரே ஆயிலைப் பயன்படுத்துகிறது. உங்களுக்கு ஆலோசனை சொன்ன இரண்டு மெக்கானிக்குகளின் சண்டையும் இந்த ஒரு சமரசத்திலிருந்துதான் பிறக்கிறது.

எல்லோரும் இந்தச் சமரசத்தைச் செய்யவில்லை. 1974-இல் வந்த சுசுகி ஆர்இ5 ரோட்டரி பைக்கில் சீல்களுக்குத் தனி டேங்கில் ஆயில். எரிந்து தீரும், மறுபடி ஊற்ற வேண்டும். எஞ்சின் சம்பு ஆயில் வேறு, கியர்பாக்ஸ் ஆயில் வேறு. ஒரு பைக்குக்கு மூன்று ஆயில் என்றால் யார் வாங்குவார்கள்? இரண்டு மூன்று வருடத்தில் நின்றுவிட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மை. அதே காலத்து ஜெர்மன் ஹெர்குலிஸ் டபிள்யூ2000 ஆரம்பத்தில் ஓட்டுநரே பெட்ரோலில் ஆயில் கலக்கும் வகை. பிறகு பம்ப் வைத்த மாடல் வந்தது. ஆளில்லா விமானங்களுக்கான சிறிய ரோட்டரிகளில் பலவும் ஆயிலைத் திரும்ப எடுக்காமல் எரித்தே தீர்ப்பவைதான். நம் ஊர்ப் பக்கம் ரோட்டரியே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: நிஷாந்த் ஆளில்லா விமானத்துக்காக இந்தியாவிலேயே 55 குதிரைசக்தி வாங்கெல் எஞ்சின் உருவாக்கி, 2009-இல் கோலாரில் பறக்கவிட்டார்கள். சரி, காருக்கு வருவோம்.

மாஸ்டாவும் ஆரம்பத்திலேயே இந்தச் சீல் விஷயத்தில் பட்டுத் தெளிந்த கம்பெனி. அறுபதுகளில் யமமோட்டோ கெனிச்சியின் குழு சோதனை எஞ்சின்களைக் கழற்றியபோது ஹவுசிங் சுவரில் அலை அலையாகக் கீறல்கள் இருந்தன. 'பேயின் நகக்கீறல்' என்றே பெயர் வைத்தார்கள். சீல் ஒரு குறிப்பிட்ட அதிர்வில் துடித்ததால் வந்த வினை அது. ஆயில் பற்றாக்குறை மட்டும் காரணமில்லை. கார்பனும் அலுமினியமும் சேர்ந்த சீலைக் கண்டுபிடித்த பிறகுதான் 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், ரோட்டரி எஞ்சின் செத்தாலே "ஆயில் பத்தலை" என்று தீர்ப்பு சொல்வது நம் ஆட்களின் பழக்கம். சீல் சாவதற்கு ஆயில் ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை.

இப்போது நாசில்களுக்கு ஆயிலை அளந்து அனுப்பும் பம்ப். ஆர்எக்ஸ்-8-க்கு முன்பு வந்த பழைய ஆர்எக்ஸ்-7-களில் அது முழுக்க மெக்கானிக்கல். எஞ்சினோடு சுற்றும், த்ராட்டிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஆயில் கூடும். எளிமையான விஷயம், கண்ணால் பார்த்தே அட்ஜஸ்ட் செய்யலாம். 1989-இலிருந்து கம்பிக்குப் பதில் ஸ்டெப்பர் மோட்டார் வந்தது. எவ்வளவு ஆயில் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். உங்கள் 2006 ஆர்எக்ஸ்-8-இலும் அதே ஏற்பாடுதான். மோட்டார் சொன்ன இடத்துக்கு நகரவில்லை என்றால் கம்ப்யூட்டருக்குத் தெரியும், செக் எஞ்சின் விளக்கு எரியும், எஞ்சின் வேகத்தையும் கட்டுப்படுத்திவிடும். பலரும் இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்: "பம்ப் போனால் லைட் எரியும்ல?" இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த சென்சார் பார்ப்பது பம்புக்குள் இருக்கும் மோட்டாரின் நிலையை. ஆயில் குழாய் வழியாகப் போய் நாசிலில் சொட்டியதா என்பதைப் பார்க்கும் சென்சார் எதுவும் கிடையாது. குழாய் கீறியிருக்கலாம், இணைப்பில் காற்று புகலாம், நாசில் கரி பிடித்து அடைத்திருக்கலாம். விளக்கு எரியாது. நான் பிரித்துப் பார்த்த எஞ்சின்களில் பம்பே செத்தது மிகச் சில. பம்ப் நன்றாக இருந்து நாசில் செத்தது பல.

நாசில் என்றால் வெறும் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஒருவழி வால்வு இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறிய காற்றுக் குழாயும் வரும். ஏர் ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான காற்றிலிருந்து. எஞ்சின் உள்ளிழுக்கும்போது நாசில் முனையில் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் ஆயில் குழாயையே உறிஞ்சிக் காலி செய்யாமல், காற்றை இழுத்துக்கொள்ளத்தான் அந்தக் குழாய். அது அடைத்துக்கொண்டால் ஆயில் தேவைக்கு மேல் உறிஞ்சப்பட்டுப் புகை வரும், குழாயும் காலியாகும். ஒருவழி வால்வு போனால், அறையின் அழுத்தம் ஆயிலைப் பின்னால் தள்ளும். அந்தப் பக்கத்து சீலுக்கு ஆயில் போகாது. நானே ஒரு தடவை சறுக்கியிருக்கிறேன். ஒரு டர்போ ஆர்எக்ஸ்-7-இல் வேக்குவம் குழாய்களை எல்லாம் மாற்றும்போது, இந்தக் காற்றுக் குழாயை டர்போவுக்கு முன்னால் கொடுப்பதற்குப் பதில் பின்னால் கொடுத்துவிட்டேன். பூஸ்ட் ஏறும்போதெல்லாம் காற்று தவறான பக்கத்திலிருந்து அழுத்தியிருக்கிறது. மூன்று நாள் கழித்து வண்டிக்காரர் "ஆயில் குறையவே இல்லை, சூப்பர் வேலை அண்ணே" என்று சந்தோஷமாகப் போன் செய்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரோட்டரியில் ஆயில் குறையவில்லை என்பதுதான் கெட்ட செய்தி.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் ஒரு லிட்டர் என்கிறீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லவில்லை. என்னிடம் வரும் ஆரோக்கியமான ஆர்எக்ஸ்-8-கள் ஓட்டும் விதத்தைப் பொறுத்து 2000-இலிருந்து 3000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் குடிக்கின்றன. லிட்டருக்கு 7 கிலோமீட்டர் ஓடும் வண்டி 2000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 285 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அப்படியானால் ஆயில் 285-இல் ஒரு பங்கு. டிவிஎஸ் 50-இன் ஐம்பதில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் எவ்வளவு கஞ்சத்தனம் என்று புரியும். 5000 கிலோமீட்டர் ஓட்டியும் டிப்ஸ்டிக்கில் மட்டம் அசையவே இல்லை என்றால் உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். 800 கிலோமீட்டரிலேயே ஒரு லிட்டர் போகிறது என்றால் அது வேறு கதை. ரோட்டரின் பக்கவாட்டில் ஆயில் சீல் வளையங்கள் இருக்கின்றன. ரோட்டரைக் குளிரவைக்கும் ஆயில் எரியும் அறைக்குள் வராமல் தடுப்பது அவை. அவை தேய்ந்தால், அல்லது அவற்றின் ரப்பர் வளையம் சூட்டில் கெட்டிப்பட்டால், ராத்திரி நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை குபுக்கென்று வந்து, பிறகு குறையும். அதற்கு பம்பில் கைவைத்துப் பயனில்லை. எஞ்சினைப் பிரிக்க வேண்டும். உங்களுக்குப் புகை இல்லை என்பதால் அந்தப் பயம் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் மாடலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆரம்பகால ஆர்எக்ஸ்-8-இல் ஒரு ரோட்டருக்கு இரண்டு நாசில். 2009 மாடலில் மாஸ்டா அதை மூன்றாக்கியது, பம்பையும் மாற்றியது, எஞ்சினின் ஆயில் அழுத்தத்தையும் கூட்டியது. வட அமெரிக்காவில் 2004-இலிருந்து 2008 வரையிலான மாடல்களின் எஞ்சினுக்கு 8 வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று வாரண்டியை நீட்டியும் கொடுத்தது. முந்தைய ஏற்பாடு ஓரங்களுக்கு ஆயில் கொடுத்து சீலின் நடுப்பகுதியைக் கொஞ்சம் காயவிட்டது என்பது எங்கள் தொழிலில் பரவலான கருத்து. நான் பிரித்த பழைய ரெனிசிஸ் (ஆர்எக்ஸ்-8 எஞ்சினின் பெயர்) எஞ்சின்களில் நடுப்பகுதி அதிகம் தேய்ந்த சீல்களைப் பார்த்திருக்கிறேன். நேராக இருந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதை உறுதியான சட்டமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனியே மூன்றாவது நாசில் வைத்தது ஒன்றும் அழகுக்காக இல்லை.

இனி 2டி கலப்பது. இதில் உறுதியானது எது, வாதத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். 2டி ஆயில் எஞ்சின் ஆயிலைவிடச் சுத்தமாக எரியும், இது உறுதி. பெட்ரோலோடு கலந்து வருவதால் நாசில் அடைத்தாலும் ஏதோ கொஞ்சம் ஆயில் உள்ளே போய்ச் சேரும், இதுவும் உறுதி. அதிகம் கலந்தால் பெட்ரோலின் நாக்கிங் (நேரம் தவறி வெடித்து எரிவது) தாங்கும் சக்தி குறையும், நாக்கிங் வந்தால் ஏபெக்ஸ் சீல் உடையும். இதுவும் உறுதி, டர்போ வண்டிக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. ஆனால் பம்ப் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் கூடுதலாக 2டி கலப்பதால் எஞ்சின் ஆயுள் இத்தனை கிலோமீட்டர் கூடும் என்று யாராவது சொன்னால், அது நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான், நானும் என் வண்டிக்குக் கலக்கிறேன். நிரூபணம் என்று நினைத்துவிடக் கூடாது.

அளவு இப்படி: பம்ப் இருக்கும் வண்டிக்குத் துணையாகக் கலப்பதென்றால் 250-க்கு ஒன்று போதும், லிட்டருக்கு 4 மில்லி. உங்கள் டேங்க் சுமார் 60 லிட்டர், ஆக முழு டேங்குக்கு 240 மில்லி. பெரிய டம்ளரில் ஒரு டம்ளர். பம்பையே கழற்றிவிட்டால் இதைப்போல இரண்டு மடங்கு, லிட்டருக்கு 8 மில்லி. ரேஸ் வண்டிகள் நூறுக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். ஆயில் ஜாசோ எஃப்டி (ஜப்பானியத் தர முத்திரை) என்று போட்ட, சாம்பல் குறைந்த நல்ல 2டியாக இருக்கட்டும். படகு எஞ்சின்களுக்கான 2டி ஆயில் சரியா, பைக்குக்கான 2டி சரியா என்று ஒரு பெரிய சண்டை நடக்கிறது. இரண்டையும் போட்டு ஓடிய எஞ்சின்களைப் பிரித்திருக்கிறேன். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டேங்கில் ஆயிலை முதலில் ஊற்றி, மேலே பெட்ரோல் அடியுங்கள். தானே கலந்துவிடும். கன்வர்ட்டர் போய்விடும் என்ற பயத்துக்கு: இந்த அளவு 2டியால் போன கன்வர்ட்டர் என் கைக்கு இதுவரை வரவில்லை. பழுதான இக்னிஷன் காயிலால் எரியாத பெட்ரோல் போய் உருகி அடைத்த கன்வர்ட்டர்கள்தான் வரிசையாக வந்திருக்கின்றன.

பம்பைக் கழற்றுவது மட்டும் வேண்டாம் என்பேன். தொழில்நுட்பக் காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சரியாகக் கலந்தால் எஞ்சினுக்குப் பம்ப் இல்லாதது தெரியவே தெரியாது. பிரச்சினை மனிதர்களிடம். சில வருடம் முன்பு ஒருவர் பிடிவாதமாகக் கழற்றச் சொன்னார். கழற்றி, துளைகளை அடைத்து, கம்ப்யூட்டரையும் ஏமாற்றிக் கொடுத்தேன். எட்டு மாதம் ஒழுங்காகக் கலந்து ஓட்டினார். பிறகு ஊருக்குப் போகும்போது வண்டியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மச்சானுக்கு எப்படித் தெரியும்? இரண்டு டேங்க் வெறும் பெட்ரோல். அவர் திரும்பி வந்தபோது எஞ்சின் ஐடிலில் நிற்கவில்லை. பிரித்தால் ஹவுசிங் குரோம் உரிந்திருந்தது. பம்ப் மறக்காது, நாம் மறப்போம். கழற்றியே தீருவேன் என்பவர்கள் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று, உங்கள் வண்டியில் பம்பைக் கழற்றினால் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது, வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அந்த மெக்கானிக் சொன்னாரா என்று கேளுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பம்பை அப்படியே வைத்துக்கொண்டு, அது சம்பிலிருந்து இழுப்பதை அடைத்து, தனி டேங்கிலிருந்து 2டி ஆயிலை இழுக்குமாறு செய்யும் அடாப்டர் கிடைக்கிறது. நம் ஆர்எக்ஸ் 100 ஏற்பாடு. சம்பு ஆயில் பேரிங்குக்கு, 2டி சீலுக்கு. முன்னால் சொன்ன சமரசமே வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான். ஆனால் அந்த டேங்க் காலியானால் பம்ப் காற்றை இழுக்கும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஆயில் தீர்ந்தால் எரியும் ஒரு விளக்கு வைக்காமல் இதைச் செய்து தர நான் ஒப்புக்கொள்வதில்லை.

சிந்தெடிக் விவகாரம். அமெரிக்காவில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8-க்கு 5டபிள்யூ-20 மினரல் ஆயிலைத்தான் பரிந்துரைத்தது, சிந்தெடிக்கை ஆதரிக்கவில்லை. பழைய கால சிந்தெடிக் ஆயில்கள் ரப்பர் சீல்களைக் கெடுத்தன, சரியாக எரியாமல் படிந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது இன்றைய ஆயிலுக்கும் பொருந்துமா என்பது சந்தேகம். ஜப்பானின் இடெமிட்சு நிறுவனமே ரோட்டரிக்கென்று தனி சிந்தெடிக் ஆயில் விற்கிறது. சிந்தெடிக் ஊற்றியதால் மட்டும் செத்த எஞ்சின் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. சிந்தெடிக் ஊற்றியதால் பிழைத்த எஞ்சினையும் பார்த்ததில்லை. எரித்துத் தீர்க்கப் போகும் ஆயிலுக்கு அதிக விலை கொடுப்பானேன் என்பதால் நான் நல்ல மினரல் அல்லது செமி-சிந்தெடிக் போடுகிறேன், 5000 கிலோமீட்டரில் மாற்றுகிறேன். கெட்டித்தன்மை விஷயத்தில் வளைகுடா வெயிலுக்கு 5டபிள்யூ-20 மெலிது என்பது என் அபிப்பிராயம். அந்த எண் பெட்ரோல் சிக்கனத்தை மனதில் வைத்த நாட்டுக்கானது. 5டபிள்யூ-30 குறைந்தபட்சம், கோடையில் 10டபிள்யூ-40 போட்டு ஓடும் வண்டிகளின் பேரிங்குகளை நான் பிரித்தபோது நன்றாக இருந்தன. உங்களுடையது மேனுவல் என்பதால் முன்னால் இரண்டு ஆயில் கூலர் இருக்கும். முன் பம்பரின் இரண்டு ஓரங்களிலும் குனிந்து பாருங்கள், மணலும் பூச்சியும் அடைத்திருந்தால் கழுவுங்கள். அப்புறம், மேலே ஆயில் ஊற்றிக்கொண்டே இருப்பதால் ஆயில் மாற்ற வேண்டியதில்லை என்று ஒரு கூட்டம் சொல்லும். கேட்காதீர்கள். எரிந்துபோவது கொஞ்சம், அழுக்கு அங்கேயே இருக்கும்.

ஆயில் பற்றிப் பேசும்போது எல்லோரும் விட்டுவிடும் ஒன்று உண்டு: போட்ட ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடுவது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வண்டியை ஒரு அடி நகர்த்தி, உடனே ஆஃப் செய்தால், அறைக்குள் அதிகம் பாய்ந்த பெட்ரோல் சுவரில் இருக்கும் அந்த மெல்லிய ஆயில் படலத்தைக் கழுவிவிடும். படலம் போனால் சீல் காற்றுப் பிடிக்காது, கம்ப்ரஷன் (அறைக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) விழும், அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகாது. அப்போது பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுச் சுற்றினால் பெரும்பாலும் உயிர் வரும். படலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. காயில் பலவீனமானாலும் இதே கதைதான், எரியாத பெட்ரோல் ஒவ்வொரு சுற்றிலும் கழுவிக்கொண்டே இருக்கும். ஆர்எக்ஸ்-8-இன் காயில்கள் நீண்ட ஆயுள் உள்ளவை இல்லை. பழைய காயிலோடு ஓடும் வண்டிக்கு எந்த 2டி ஆயிலும் மருந்தாகாது. எப்போது மாற்றியது என்று பழைய ஓனரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்று சொன்னால் நான்கையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. டிப்ஸ்டிக்கை இரண்டு பெட்ரோல் நிரப்பலுக்கு ஒருமுறை, சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் கிலோமீட்டரோடு எழுதுங்கள். ஒரு மெக்கானிக்கிடம் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் ஆயில் நிற்பது வெளியிலிருந்தே தெரியும். நடுவில் பெரிய காற்றுக்குமிழ் இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. வயதான பிளாஸ்டிக், முறுக்கினால் உடையும், மெதுவாக. நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு பக்கம் ஊதினால் காற்று போகிறதா, மறுபக்கம் ஊதினால் நிற்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டு பக்கமும் போனாலும், இரண்டு பக்கமும் நின்றாலும் அந்த நாசில் குப்பைக்கு. காற்றுக் குழாய்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை.

இதையெல்லாம்விட முன்னால் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். சாதாரண கேஜ் உதவாது. அது மூன்று முகங்களில் நல்லதை மட்டும் காட்டி ஏமாற்றும். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று எண்களைத் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். 250 ஆர்பிஎம் கணக்கில் 830 கிலோபாஸ்கல் புதிய எஞ்சினின் அளவு, 680 கடைசி எல்லை. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இரண்டு ரோட்டர்களுக்கு இடையில் 100-க்கு மேல் கூடாது. ஆறு எண்களையும், டெஸ்ட் எடுத்தபோது எஞ்சின் சுற்றிய வேகத்தையும், இதுவரை ஓடிய கிலோமீட்டரையும் இங்கே போடுங்கள். 700-க்கு மேல் ஆறும் சமமாக இருந்தால் நாசிலைச் சுத்தம் செய்து, லிட்டருக்கு 4 மில்லி கலந்து ஓட்டச் சொல்வேன். ஏற்கெனவே 600-இல் இருந்தால், 2டி ஆயிலுக்கு நீங்கள் செலவழிக்கப் போகும் காசை ரீபில்டுக்குச் சேர்த்து வைக்கச் சொல்வேன்.